பிரிக்காமல் விட்ட கட்டு

எங்கள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. மேலே ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்திய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் கழுவி முடித்து அங்கேதான் வரும். அவற்றைப் பச்சைத் துணியில் கட்டி, ஆளுயர நீராவி மெஷினுக்குள் வைத்து, கிருமி போனதும் மேலே அனுப்புவோம். கட்டுவது நான். மெஷினை ஓட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது ஸ்தோத்திரம் அக்கா.

அந்தப் பெயர் நான் வைத்தது. மெஷின் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் “ஸ்தோத்திரம்” என்பார். கேலிக்குத்தான் கூப்பிட ஆரம்பித்தேன், அது மேல்தளம் வரை போய் ஒட்டிக்கொண்டது. அக்கா கோபித்துக்கொள்ளவே இல்லை. அதுவே எனக்கு எரிச்சல்.

வேலையில் அவரோடு காலம் தள்ளுவது சுலபமில்லை. நான் நைந்த துணியில் கட்டிவிட்டால் பிரித்துத் திருப்பித் தருவார். “இந்தக் கத்தி உன் வயித்துக்குள்ள போகும்னா இதுல கட்டுவியா?” என்பார். ஆஸ்பத்திரிப் பஞ்சு ஒரு துண்டு அவர் வீட்டுக்குப் போனதில்லை. மதம் பேசி யாரையும் அவர் தொந்தரவு செய்ததும் இல்லை. இந்த அறைதான் கர்த்தர் தனக்குக் கொடுத்த ஊழியம் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் துணி மடித்துக்கொண்டே சிரித்தேன்.

ஒரு லோடுக்கு ஒரு சோதனைக் கட்டு வைப்போம். அதற்குள் ஒரு சின்ன அட்டை இருக்கும். நீராவி போதுமான நேரம் உள்ளே இறங்கியிருந்தால் அட்டை முழுக்கக் கறுத்துவிடும். அக்கா அந்தக் கட்டைப் பிரித்து, அட்டையைப் பார்த்து, ரெஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். கடைசியாக டிராலியின் மேல் கை வைத்துக் கண்ணை மூடி, யார் உடம்பில் இந்தக் கருவிகள் படப்போகின்றனவோ அவர்களுக்காக அரை நிமிடம் ஜெபிப்பார். பதினோரு வருடமாக இதே வரிசைதான்.

ஒரு நாள் காலையில் கருவிகளைக் கேட்டுத் தியேட்டரிலிருந்து போன் மேல் போன். டிராலி போய் ஒரு மணி நேரம் கழித்து, மேஜை மேலிருந்த கையுறைப் பெட்டியை நான் நகர்த்தினேன். பின்னால் சோதனைக் கட்டு இருந்தது. பிரிக்கவே இல்லை. ரெஜிஸ்டரில் கையெழுத்து இருந்தது, அட்டை ஒட்டும் இடம் காலியாக இருந்தது.

அக்கா கட்டைப் பிரித்தார். அட்டை பாதிதான் கறுத்திருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. மணி ஒன்பது இருபத்தைந்து. ஒன்பதரைக்கு ஒரு பெண்ணுக்குப் பித்தப்பை ஆபரேஷன். மேலே போயிருப்பது அந்த லோடுதான்.

நான் செய்ததை மறைக்கப் போவதில்லை. முந்தின நாள் ஒரு கட்டில் தவறுதலாக இரண்டு அட்டை வைத்ததில் மிஞ்சிய கறுத்த அட்டை ஒன்று என் டிராயரில் இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். “ஒட்டிடுங்கக்கா. எப்படியும் கிருமிக்கு மருந்து குடுக்கத்தான போறாங்க, ஒண்ணும் ஆகாது. நம்மள வேலையில நிரந்தரமாக்குற பட்டியல் அடுத்த வாரம் வருது. இப்ப வாயத் தொறந்தா உங்க கதை முடிஞ்சுது” என்றேன். பொய்யில்லை. அவருக்கு முன் அந்த மேஜையில் இருந்தவரை இதே தப்புக்கு ஒரே நாளில் வெளியே அனுப்பியிருந்தார்கள். அச்சகத்தில் கை நசுங்கிய வீட்டுக்காரர், படிக்கும் மகள், எல்லாரும் அக்காவின் சம்பளத்தில்தான் இருந்தார்கள்.

அக்கா அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாங்கிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். கைகூட ஒருமுறை உயர்ந்தது. “பயமா இருக்கும்மா” என்றார். பிறகு மேலே போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. பாதி கறுத்த அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

லிஃப்ட் வரவில்லை. நான்கு மாடிப் படி. முந்தின நாள் அட்டை கறுத்துத் தேறிய கட்டுகளில் மிச்சமிருந்த இரண்டை அள்ளிக்கொண்டு, அவரைத் திட்டிக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். இரண்டாம் மாடியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்துவிடுவார் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஆசை இருந்தது.

தியேட்டர் வாசலில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. கீழ்த்தளத்து ஆட்கள் அதைத் தாண்டக் கூடாது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினார், கதவைத் திறந்தார். உள்ளே அந்தப் பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது. கட்டு பிரித்தாகிவிட்டது. டாக்டர் கத்திக்காகக் கை நீட்டியிருந்தார்.

“தொடாதீங்க சார். அட்டை கறுக்கல. நான் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்.”

டாக்டர் கையை மடக்கிக்கொண்டார். பார்க்காமல் எப்படிப் போட்டீர்கள் என்று மெதுவாகத்தான் கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

“அவசரத்துல மொதல்ல ஜெபம் பண்ணிட்டேன் சார். எப்பவும் அதுதான் கடைசி. அது முடிஞ்சதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன்.”

முகக் கவசத்துக்குள் யாரோ சிரித்தார்கள். நான் கொண்டுபோன கட்டுகளைப் பிரித்து ஆபரேஷனை நடத்தினார்கள். அந்தப் பெண் நான்காம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனாள். இது எதுவும் அவளுக்குத் தெரியாது. மெஷின் கதவின் ரப்பர் கிழிந்து நீராவி கசிந்திருந்தது மறுநாள்தான் தெரிந்தது.

வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் நிரந்தரப் பட்டியலில் அக்கா பெயர் இல்லை, மூன்று மாதம் கையெழுத்துப் போடும் பொறுப்பும் இல்லை. என் பெயர் பட்டியலில் இருந்தது. அந்தக் கறுத்த அட்டையைப் பற்றி அவர் எவரிடமும் மூச்சுவிடவில்லை. சபையில், கர்த்தர் அந்தப் பெண்ணை அதிசயமாகக் காப்பாற்றியதைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்களாம். அக்கா எழுந்து, ஜெபத்தைச் சாக்காக வைத்து வேலையைச் செய்யாமல் விட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

மூன்று மாதம் கழித்து முதல் லோடு. கதவு திறந்தது. அக்கா சோதனைக் கட்டைப் பிரித்து அட்டையை விளக்கடியில் பிடித்தார். முழுக்கக் கறுத்திருந்தது. என்னையும் பார்க்கச் சொன்னார். ஒட்டினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் அட்டையை மறுபடியும் ஒருமுறை பார்த்தார். டிராலியின் மேல் கை வைத்து ஜெபித்தபோது கண்ணை மூடவில்லை, ரெஜிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னுமா பயம் என்று கேட்டேன்.

“ஆமாம்மா. இந்தப் பயம் போயிடக் கூடாதுன்னுதான் இப்ப ஜெபிக்கிறேன்” என்றார்.

நான் என் டிராயரைத் திறந்து, அந்தப் பழைய அட்டையை எடுத்துக் கிழித்துப் போட்டேன்.