காற்றாலைக்கு மேலே நின்ற வெள்ளை

பிள்ளைகளே, இது நானும் என் மகளும் கண்ணால் கண்டது.

சங்கரன்கோவில் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பிச்சிக்கொடி உண்டு. விடிகிற நேரத்திலேயே பறித்துவிட்டால்தான் மார்க்கெட்டில் விலை நிற்கும். ஒருநாள் அப்படிப் பறிக்கையில், தூரத்துக் காற்றாலைக்கு மேலே வெள்ளையாக ஒன்று அசையாமல் நின்றது. சத்தம் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பக்கவாட்டில் வழுக்கிப் போய்விட்டது. அப்போது மகள் எட்டாம் வகுப்பு.

அதை அவள் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“பிள்ளைக்குப் பொய் சொல்லிப் பழகிரப்பிடாது அண்ணாச்சி.”

“நானும் பாத்தேன் சார்.”

“பறக்கும் தட்டுன்னு சொன்னதை எல்லாம் அமெரிக்காப் பட்டாளமே அந்தக் காலத்துலயே விசாரிச்சு, ஒண்ணுமில்லன்னு கேஸை மூடிட்டான். அவனே இல்லங்கான், நம்ம கவர்மெண்டு உண்டும்னு சொல்லுமா? உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

நாங்கள் பார்த்த அன்றைக்கு அந்தப் பட்டாளம் எங்கள் காட்டில் இல்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதிலிருந்து பள்ளியில் அவளுக்குப் பொய்க்காரி என்று பேர். “ஏட்டி தட்டு, இன்னைக்கு எங்கன எறங்குச்சு?” என்பார்கள். முதலில் அழுதாள். பிறகு அழுகையும் நின்றது, அதைப் பற்றிய பேச்சும் நின்றது.

சில வருஷம் போனது. அதே அமெரிக்கப் பட்டாளம், தன் விமானிகள் எடுத்த படங்களை வெளியே விட்டு, இவை என்னவென்று தெரியவில்லை என்றது. அதற்குப் பின்னால் ஜப்பானும் தன் படையினரிடம், இப்படி ஏதும் தென்பட்டால் படம் எடுத்து மேலே தெரிவியுங்கள் என்றதாம். செய்தியில் கேட்டேன். அங்கேயும் அதற்கு முன்னால் யாராவது பார்த்திருப்பார்கள். அவர்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ.

அதன் பிறகு வாத்தியார் எங்களைத் தேடிப் பூ மார்க்கெட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏம்மா, அன்னைக்கு நீ சொன்னது சரியாத்தான் இருக்கும் போல. அமெரிக்காக்காரனே தெரியலங்கான்.”

“சரி சார்” என்றாள் மகள். வெறும் சாக்கை உதறி மடித்தாள்.

திரும்பும்போது வண்டியில் கேட்டேன்.

“இப்பம் மனசு ஆறிச்சா மக்கா?”

“ஒண்ணும் தோணலைப்பா. நாளைக்கு அவன் இல்லன்னா சாரும் இல்லம்பாரு. நான் மறுபடியும் பொய்க்காரிதான.”

வண்டியை ஓட்டினேன்.

மறுநாள் விடியலில் பூப்பறிக்கையில் காற்றாலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தேன். அவள் குனிந்த தலை நிமிராமல் பறித்துக்கொண்டிருந்தாள்.