சோடாக் கொம்பனி மாப்பிள்ளை

மூன்று வருடமாக ஒரு பெடியனை விரும்புவதாக மகள் என்னிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது. தாயின் கையில் கத்தி இருக்கிற நேரம் பார்த்து இப்படியொரு விசயத்தை அவிழ்த்துவிடும் துணிவு அவளுக்கு எங்கிருந்து வந்ததோ! எல்லாத் தாய்மாரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்.

"என்ன வேலை?"

"செலர்லை அம்மா."

எனக்குத் தெரிந்த செலர் ஒன்றே ஒன்றுதான். ரொறன்ரோவில், ரூஜ் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு பேஸ்மென்றில், படிக்குப் பின்னால், அரிசி மூட்டையும் வெங்காயமும் நல்லெண்ணெயும் வைத்திருக்கிற குளிர் அறை. அதற்குள் ஒரு மனிதனுக்கு என்ன உத்தியோகம் இருக்க முடியும்?

"அரிசி மூட்டை இறக்கிற வேலையோ?"

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, கத்தியை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "வைன் செலர். நயாகராப் பக்கம். ஸ்பார்க்ளிங் வைன் செய்யிற இடம்."

மற்றதெல்லாம் திறம். தமிழ்ப் பெடியன். தாய் தகப்பன் மன்னார்ப் பக்கத்து ஆட்கள், இப்போது இங்கே மார்க்கம் என்கிற ஊரில். தமக்கை பல் டொக்ரர். பெடியனும் பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ற்றி படித்தவன்தான். அந்தப் படிப்பை வைத்து மருந்து கண்டுபிடிப்பான், சவர்க்காரமாவது கண்டுபிடிப்பான் என்று பெற்றவர்கள் பார்த்திருக்க, அவன் வைனுக்குள் நுரை எப்படி வருகிறது என்று கண்டுபிடிக்கப் போயிருக்கிறான்.

"குடிப்பானோ?" என்றேன்.

"இல்லை அம்மா. துப்புறவன்."

மாப்பிள்ளை குடிக்கமாட்டார், துப்புவார். கலியாணக் கார்ட்டில் போடலாம்.

என் மனுசன் இறந்து ஆறு வருடம். ஈரல் என்று டொக்ரர் சொன்னார். சனத்துக்கு நாங்கள் சுகர் என்று சொன்னோம். வெறியில்லாத நேரத்தில் அவரைப் போல நல்ல மனிதர் கிடையாது. அந்த நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் கஷ்டம். அவருடைய எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அடுத்த நாளே வீட்டிலிருந்த போத்தல்களை எல்லாம் வெளியே தூக்கிப்போட்டு, இனி இந்த வாசலுக்குள் ஒரு போத்தல் வராது என்று சுவரில் இருந்த சாமிப் படங்களுக்குக் கேட்கச் சொன்னேன். சாமி கேட்டிருக்கிறது. போத்தலே தொழிலாக உள்ள மருமகனைத் தந்திருக்கிறது.

இதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே மீனைத் தேவைக்கு மேல் சின்னனாக வெட்டிவிட்டேன். மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"ஒருநாள் வந்து பாருங்கோ. அவன் எப்பிடியெண்டு நீங்களே பாருங்கோ. நீங்கள் வேண்டாமெண்டால் நான் விட்டிடுறன். ப்ரொமிஸ்."

கனடாவில் பிறந்து வளர்ந்த இருபத்தொன்பது வயதுப் பிள்ளை, தாயின் ஒரு சொல்லுக்காகக் காதலித்தவனை விட்டுவிடுமாம்! நான் வளர்த்த வளர்ப்பு அப்படி என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். அவள் என் கண்ணைப் பார்க்காமல் மீன் செதிலைக் கூட்டி அள்ளினாள். பயம், மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாளே பிறம்ரனில் இருந்து மச்சாள் தொலைபேசி எடுத்தா. என் மனுசனின் அக்கா. எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் சந்தோசமாக இருந்தால் அவவுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

"பிள்ளைக்கு ஏதோ பொருந்தி வருதாம் எண்டு கேள்விப்பட்டன். மாப்பிள்ளை எங்கை வேலை?"

"சோடாக் கொம்பனியிலை மச்சாள்," என்றேன். "போத்தலுக்குள்ளை காஸ் ஏத்திற பகுதி."

"பெரிய கொம்பனியோ?"

"ஓம், நிலத்துக்குக் கீழையும் இருக்காம்."

ஒக்ரோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் மகள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். அந்த வழி எனக்குப் புதிதில்லை. லண்டன், பாரிஸ், சிட்னி என்று எங்கிருந்து சொந்தக்காரர் வந்தாலும் நயாகரா நீர்வீழ்ச்சியைக் காட்டாமல் திருப்பி அனுப்புவது எங்கள் ஆட்களிடம் மன்னிக்க முடியாத குற்றம். மடியில் புளிச்சாதச் சட்டியை வைத்துக்கொண்டு முப்பது தடவையாவது போயிருப்பேன். வழி நெடுகக் கம்பி கட்டிக் கொடி படர விட்டிருப்பதைப் பயித்தங்காய் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இந்த வெள்ளைக்காரர் இவ்வளவு பயித்தங்காயை வைத்து என்ன செய்வார்கள் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அத்தனையும் முந்திரிகைக் கொடியாம், வைனுக்குப் பிழிகிற திராட்சை. நாடு விட்டு நாடு வந்தும் குடிக்காத மனுசிக்கு இந்த உலகம் எவ்வளவு மறைத்து வைத்திருக்கிறது, பாருங்கள்.

செலரைச் சுற்றிக் காட்டுவதில் காலை பத்து மணிச் சுற்றுக்குத்தான் வருவேன் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். குடிக்கிறவனுக்குக் கை நடுங்குவது காலையில்தான். பின்னேரத்தில் எல்லாரும் நல்ல பிள்ளைகள்.

பெடியன் வாசலில் நின்றான். முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, கறுத்த ஏப்ரன், முகத்தில் இரண்டு நாள் தாடி. "வாங்கோ அன்ரி," என்று கையை நீட்டினான். அந்தக் கையை நான் தேவைக்கு மேலேயே பிடித்து வைத்திருந்தேன். நடுங்கவில்லை. கண்ணைப் பார்த்தேன். வெள்ளை. சரி, இளம் வயது, உடம்பு இன்னும் தாங்குகிறது என்று ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் செலரைச் சுற்றிக் காட்டுவதும் அவன்தான். எங்களோடு ஒரே மாதிரித் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். எதைச் சொன்னாலும் 'வாவ்' என்கிற சோடி. கதவு இது என்றாலும் வாவ்.

இறங்குவதற்கு முன் எல்லாருக்கும் பிளாஸ்ரிக் கண்ணாடி தந்தான். போத்தலுக்குள் காஸ் இருக்கிறதாம், எப்போதாவது ஒன்று வெடிக்குமாம், கண்ணுக்குப் பாதுகாப்பாம். நான் அதை வாங்கி நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். போத்தலுக்குக் கிட்டச் சீவிக்கிறவர்களுக்குப் பாதுகாப்பு தரவேண்டும் என்று ஒருவருக்காவது தோன்றியிருக்கிறது. என் மனுசனோடு நான் இருபத்தாறு வருடம் சீவித்து முடித்த பிறகு தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

கீழே குளிர், ஈரக் கல் மணம், போத்தலுக்கு மேல் போத்தலாகக் கூரை வரை அடுக்கியிருந்தது. அவன் ஒன்றை எடுத்துக் காட்டினான். வாயில் தக்கை இல்லை. சோடா மூடி! சாதாரண, பல்லுப் பல்லாக மடித்த சோடா மூடி. ஈஸ்ற்றும் சீனியும் விட்டு இப்படி மூடி வைத்தால் உள்ளேயே காஸ் பிறக்குமாம்; தக்கை கடைசியில்தானாம். மச்சாளுக்கு நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று அங்கேயே மனம் குளிர்ந்தது.

அடுத்து, மரப்பலகையில் ஓட்டை போட்டுப் போத்தல்களைக் கழுத்து கீழ்ப்பக்கமாகச் செருகியிருந்த இடம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு போத்தலையும் பிடித்து ஒரு சின்னத் திருப்புத் திருப்ப வேண்டும். அப்போதுதான் உள்ளே உள்ள மண்டி மெல்ல மெல்ல வாய்ப்பக்கம் இறங்குமாம்.

"இப்ப மெசின் இருக்கு அன்ரி. இந்த ஒரு வரிசையை மட்டும் நான் கையாலை செய்யிறன்," என்று தமிழில் எனக்குத் தனியாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் டக் டக்கென்று திருப்பிக்கொண்டு போனான். போத்தலைத் தொட்டு, திருப்பி, திறக்காமல் திரும்ப வைக்கிற ஆம்பிளையை என் சீவியத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். நின்று பார்த்தேன். வாவ் என்று சொல்லவில்லை, ஆனால் வாய்வரை வந்தது.

பிறகு கழுத்தை உறைய வைத்து மூடியைத் தட்டினான். பட்டென்று ஒரு சத்தம். உறைந்த மண்டிக் கட்டி பீறிட்டு வெளியே வந்து விழுந்தது. தொப்பிக்காரர் கை தட்டினார்கள். போத்தல் ஓங்காளித்துச் சத்தி எடுப்பதைப் பார்க்க ரிக்கற் எடுத்து வருகிறார்கள் மனிதர்! எனக்கு இதெல்லாம் வீட்டிலேயே இலவசமாகக் கிடைத்தது.

கடைசியாக மேலே ஒரு நீள மேசைக்குக் கூட்டிப்போனான். 'ரேஸ்ற்றிங்' என்றால் சாப்பாடு இருக்கும் என்று நம்பி வெறும் பிளேன்ரீயோடு வந்தவள் நான். ஆளுக்கு மூன்று பிஸ்கற் வைத்திருந்தது. உப்பும் இல்லை, சீனியும் இல்லை. நடுவில் துப்புவதற்கு ஒரு வாளி. நான்கு பேர் சாப்பிடுகிற மேசையில் துப்பல் வாளி வைக்கிறவர்கள்தான் இந்த ஊரில் நாகரிகமான ஆட்கள்.

நான் வந்த அலுவல் இங்கேதான். அவன் ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு மிடறு எடுத்து, வாய்க்குள் உருட்டி, வாளிக்குள் மெல்லிய நூலாகத் துப்பினான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. பக்கத்தில் மகள் ஒரு பேப்பர் துண்டைக் கிழித்துக் கிழித்துத் துகளாக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் குடிக்கத் தேவையில்லை அன்ரி. மணந்து மட்டும் பாருங்கோ," என்று எனக்கும் ஒரு கிளாஸைத் தள்ளினான்.

தொப்பிக்காரி ஆப்பிள் என்றா. புருசன்காரன் அதற்கு வாவ் என்றார். நான் மூக்கைக் கொண்டுபோனேன்.

"அப்பத்துக்குக் கரைச்ச மா," என்றேன். "நல்லாப் புளிச்சது. கள்ளு விட்டுப் புளிக்க வைச்ச மா."

பெடியன் நிமிர்ந்தான். அடுத்ததைத் தந்தான்.

"இது முதலதைவிடக் கன காலம் கிடந்தது. இதிலை இனிப்பு மணமே இல்லை."

மூன்றாவது, புதிதாகத் திறந்த போத்தல். கிளாஸ் கிட்ட வரும்போதே தெரிந்தது. "இது பழுது தம்பி. நனைஞ்ச காட்போட் பெட்டி மணம்."

அவன் எடுத்து மணந்தான். திரும்ப மணந்தான். தொப்பிக்காரரின் கிளாஸ்களையும் வாங்கி வாளிக்குள் ஊற்றினான். அவர்கள் அதைக் குடித்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி முடித்திருந்தார்கள்.

"நான் கவனிக்கேல்லை அன்ரி. தக்கையிலை பிழை. இப்பிடி மூக்கு... எங்கை பழகினீங்கள்?"

"வீட்டிலை," என்றேன். "இருபத்தாறு வருசக் கோர்ஸ்."

என்ன சொன்னேன் என்று தொப்பிக்காரி கேட்டா. வீட்டில் பழகினாவாம் என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான். வாவ் என்றா.

பெடியன் சிரிக்கவில்லை. அவனுக்குத் தெரியும், மகள் சொல்லியிருக்கிறாள். உண்மையில் அது பகிடியும் இல்லை. என் மனுசன் வேலையால் வந்து கதவடியில் சப்பாத்துக் கழற்றுகிற அந்த அரை நிமிடத்தில், சாப்பாட்டுப் பையை வாங்குகிற சாட்டில் நான் கிட்டப் போய் மூச்சை இழுப்பேன். என்ன குடித்தது, எவ்வளவு, எத்தனை மணிக்குத் தொடங்கியது எல்லாம் தெரிந்துவிடும். பியர் என்றால் நித்திரை. சாராயம் என்றால் பாட்டு. இரண்டும் கலந்தால் பிள்ளையை மேலே அனுப்பிக் கதவைச் சாத்த வேண்டும்.

போகும்போது கார் நிறுத்துமிடம் வரை வந்தான். இங்கே வளர்ந்த பெடியள் யாரைக் கண்டாலும் கட்டிப்பிடிப்பார்கள், என்னையும் பிடித்தான். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வருமா? இழுத்து மணந்தேன். சவர்க்காரம், வேர்வை, புளித்த மா. உதட்டில் கொஞ்சம் வைன். ஆனால் உதட்டில் பட்ட மணம் வேறு, உள்ளிருந்து மூச்சோடு வருகிற மணம் வேறு. அந்த வித்தியாசத்துக்கு யாராவது பட்டம் கொடுப்பதென்றால் எனக்குத் தரலாம். உள்ளே ஒன்றும் இல்லை. இன்றைக்கும் இல்லை, நேற்றைக்கும் இல்லை.

காரில் ஏறியதும் என் தீர்ப்பை எப்படிச் சொல்வது என்று சோடிக்கத் தொடங்கினேன். உடனே சொன்னால் மதிப்பில்லை. ஹமில்ரன் தாண்டும்வரை இழுப்பது, பிறகு ஒரு பெருமூச்சு விடுவது, தாடியை வழிக்கச் சொல்வது, கடைசியில் சம்மதிப்பது. எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தபோது மகள் சொன்னாள்.

"தாங்ஸ் அம்மா."

"எதுக்கு? நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே?"

"சொல்லிட்டீங்கள். அவன் உங்களை ஹக் பண்ணேக்கை நான் உங்கடை முகத்தைப் பாத்தனான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் றோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"சின்னனிலை அப்பா வரேக்கை நான் படியிலை இருப்பன், ஞாபகம் இருக்கோ? அப்பாவைப் பாக்கிறேல்லை. உங்களைத்தான் பாக்கிறனான். நீங்கள் கதவடியிலை இருந்து திரும்பி என்னைப் பாத்துச் சிரிப்பீங்கள். எல்லா நாளும் சிரிப்பீங்கள். எந்தச் சிரிப்புக்கு மேலை ஓடவேணும், எந்தச் சிரிப்புக்கு இருக்கலாம் எண்டு எனக்குத் தெரியும்."

பிள்ளைக்கு ஒன்றும் தெரியாமல் வளர்த்தேன் என்று இந்த ஆறு வருடம் மட்டுமில்லை, அவர் இருந்த காலம் முழுக்கவும் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு உங்கடை மூக்கு இல்லையம்மா," என்றாள். "மூண்டு வருசமா அவன் கதவைத் திறந்து வரேக்கை எல்லாம் எனக்குப் பயமாக் கிடக்கு. அவன் ஒண்டும் செய்யேல்லை, ஆனால் எனக்கு நம்பத் தெரியேல்லை. அதுதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனனான்."

என் சொல்லுக்குக் கட்டுப்பட்ட பிள்ளை என்று நான் பட்ட பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஹைவேயில் கார் ஓட்டுகிற பிள்ளையின் கையைப் பிடிக்கக்கூடாது. பிடித்தேன். பிடித்தபடியே கேட்டேன்.

"இண்டைக்கும் நான் சிரிச்சனானோ?"

"இல்லை அம்மா," என்றாள். "இண்டைக்கு உங்களுக்குச் சிரிக்கவேண்டி வரேல்லை."