ஏகாம்பரம் அண்ணன் பயந்த அணி

தோழிகளே, செவ்வாய்க்கிழமை காலை, பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். நம் பழைய கூடைப்பந்து அணியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஏகாம்பரம் அண்ணன் மாரடைப்பில் காலமாகிவிட்டார். மதியம் சாலவாக்கத்தில் எடுக்கிறார்கள். விசிலை இன்னொரு ஆசிரியையிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நம் கல்லூரியில் உத்திரமேரூர் வழித்தடப் பேருந்தை ஓட்டியவர். போட்டிகளுக்கு நம்மை அழைத்துப்போனவரும் அவரே. மற்ற ஓட்டுநர்கள் வண்டியில் படுத்துத் தூங்குவார்கள். இவர் ஆடுகளத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

யாரோடு யார் மோதுவது என்ற பட்டியல் வந்ததும் முதலில் அவரிடம்தான் ஓடுவோம். கோயம்புத்தூர் அணி என்றால் அவருக்குக் கொண்டாட்டம். "நெட்ட நெட்டயா கீறாங்க. ஆனா பாதி ஆட்டத்துல மூச்சு வாங்கும். ஓட வுட்டே ஜெயிச்சுடலாம்." மதுரைக்காரர்கள் மீது தனிப் பிரியம். "முட்டுவாங்க, ஆனா வுழுந்தா கை குடுத்துத் தூக்குவாங்க. அவங்ககிட்ட தோத்தாகூட சோறு எறங்கும்." சென்னையின் ஒரு கல்லூரிப் பெயரைக் கேட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும். "அது மட்டும் வாணாம்மா." அவர்கள் அவ்வளவு பலசாலிகள் என்று நினைத்துக்கொண்டோம்.

நான் தலைவியாக இருந்த ஆண்டு, வேலூரில் நடந்த இறுதிப் போட்டியில் அவர்களே எதிரே வந்தார்கள். ஆட்டத்துக்கு முன், அவர்களில் ஒல்லியான ஒரு பெண் களத்தைக் கடந்து அவரிடம் வந்தாள்.

"நைனா, நாஷ்டா துன்னியா?"

நாம் அப்படியே நின்றுவிட்டோம், நினைவிருக்கிறதா? அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எம் பொண்ணும்மா, சுமதி. ஹாஸ்டலு, சோறு, படிப்பு எல்லாம் குடுத்துக் கூப்ட்டாங்க. சொன்னா, நானும் அந்தப் பக்கம்னு நெனச்சுக்குவீங்களோன்னு சொல்லல."

"நீங்க அங்கயே போய் உக்காருங்கண்ணா," என்றேன்.

"வாணாம். உங்கள இட்டுக்கினு வந்தவன் நானு. இங்கதான் குந்துவேன்."

கடைசி நிமிடத்தில் நாம் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். சுமதி பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தாள். நான் குறுக்கே போனேன். அவள் விழுந்து மோவாய் கிழிந்தது. அண்ணன் எழுந்து இரண்டடி வைத்தார். அதற்குள் அவர்களுடைய பயிற்சியாளர் ஓடிவந்துவிட, அங்கேயே நின்றுவிட்டார். நான் தள்ளியதற்காக அவர்களுக்கு இரண்டு தனி வீச்சுகள் கிடைத்தன; அவளுக்குப் பதில் வந்தவள் இரண்டையும் தவறவிட்டாள். கோப்பை நமக்கு.

பந்தைத் தட்டப்போனேன் என்றுதான் உங்களிடம் சொல்லிவந்தேன். அது பொய். அவளை விட்டால் தோற்போம் என்று தெரிந்தே தள்ளினேன்.

திரும்பும்போது நீங்கள் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தீர்கள். நான் முன்னால் போய் அவரருகே நின்றேன். "அண்ணா, வேணும்னேதான் தள்ளுனேன்."

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்மா. நான் பாத்துக்கினுதானே இருந்தேன்." ஆற்காடு தாண்டும்போது சொன்னார். "எங்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? அவகிட்ட சொல்லு."

நான் சொல்லவில்லை. கல்லூரி முடிந்தது, வேலை கிடைத்தது, திருமணம் ஆனது. உத்திரமேரூர் கடைத்தெருவில் எத்தனையோ முறை அவரைப் பார்த்தேன். குழந்தைகளை விசாரிப்பார். அதை மட்டும் அவர் கேட்டதேயில்லை.

செவ்வாயன்று சாலவாக்கத்தில், அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள் சுமதி. மோவாயில் தழும்பு அப்படியே இருந்தது. அந்த நேரத்தில் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொன்னேன்.

"தெரியும்க்கா," என்றாள். "நைனா அன்னிக்கே போன்ல சொன்னாரு. 'அது நல்ல பொண்ணு, என்னிக்கின்னா ஒரு நாள் வந்து சொல்லும். மூஞ்ச திருப்பிக்காத'ன்னாரு." நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

கோப்பை கல்லூரி அலமாரியில் இருக்கிறது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது வேறு. அன்று தன் மகள் தையல் போட்ட மோவாயோடு வேறொரு பேருந்தில் போய்க்கொண்டிருக்க, அவளைத் தள்ளிய என்னை என் ஊரான மானாம்பதி வரை கொண்டுவந்து, வண்டியை நிறுத்தி, நான் தெருவுக்குள் திரும்பும் வரை காத்திருந்தாரே, அந்தச் சில நிமிடங்கள்.