மாதா காலடியில் தலைகீழ் மனிதன்

ஒற்றைக் காலில் கயிறு கட்டி, மரத்தில் தலைகீழாகத் தொங்குகிறான் ஒருவன். கைகள் முதுகுக்குப் பின்னால். ஆனால் முகத்தில் வலி இல்லை, தலையைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம். டாரட் என்கிற குறி பார்க்கும் சீட்டுகளில் இவன் வந்தால் பொறுத்திரு என்று அர்த்தம். கை காலை உதறாதே, அவிழ்கிறபோது அவிழும், அதுவரை உலகத்தைத் தலைகீழாகப் பார்த்துப் பழகு. விராலிமலையில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்களுக்கு இதைப் பெரிய ஞானி மாதிரி விளக்கியிருக்கிறேன். அவர்களும் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் அப்போது வளைகுடாவில் மாட்டிக்கொண்டிருந்தார். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்ட முதலாளி, பாஸ்போர்ட்டைத் தராமல் இழுத்தடித்தான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துப் பார்ப்போம் என்று என் மாமியார் வாராவாரம் கேட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு, போகலாமா என்று சீட்டு எடுத்தேன். இவன் வந்தான். அடுத்த வாரமும் இவனே வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாம் ஏதாவது செய்யப்போய், அங்கே அவருக்கு வம்பாகிவிட்டால்? அத்தையிடம் ஸ்கூலில் லீவு இல்லை, பரீட்சை வருகிறது என்று ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டேன். சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஞாயிறு பூசை முடிந்து, குறி பார்ப்பது பாவம் என்று பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவள் வேறெங்கே வைப்பாள்?

அந்த மாதம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. தெருக்காரர்கள் ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபிப்பது வழக்கம். ஸ்கூலிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது எல்லோரும் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மாதா சுரூபத்தின் காலடியில், கனகாம்பரச் சரம் சூட்டி, என் சீட்டு.

தலையணை உறை மாற்றும்போது அத்தை கண்ணில் பட்டிருக்கிறது. மரம், தலைகீழாக ஒரு ஆள், ஒளிவட்டம். தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்ட இராயப்பர், அதாவது புனித பேதுரு, என்று எடுத்து வைத்துவிட்டார். நான் ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டேன். மன்றாட்டு நேரத்தில் அத்தை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கைகூப்பினார்.

"இராயப்பரே, எம்மவன் கட்ட அவுத்து ஊருக்கு அனுப்பிவைங்க."

ஜெபம் முடிந்து சுண்டல் கொடுக்கும்போது, அன்பியத் தலைவி குனிந்து படத்துக்கு அடியில் இருந்த இங்கிலீஷைப் படித்தார். அவர் போனில் எல்லாவற்றையும் பார்க்கிறவர்.

"இது இராயப்பர் இல்லக்கா. சோசியம் பாக்குற சீட்டு. மாதா முன்னாடி கொண்டாந்து வச்சிருக்கீங்க, எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை என்னைப் பார்த்தார். இராயப்பர் பயந்துபோய், ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மறுதலித்த கதையைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். என் வாய் திறக்கவில்லை.

"ஆவூர் தேருக்குப் போனப்ப கடையில வாங்குனேன்" என்றார் அத்தை. "எனக்கு என்னத்த படிக்கத் தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சேர்ந்து சிரித்துக்கொண்டே சுண்டல் தட்டை நீட்டினார். நான் அடுப்படிக்குள் போய், கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினேன். அந்தச் சிரிப்பு என் மேல் விழ வேண்டியது.

எல்லோரும் போனபின் அத்தை சரத்தை எடுத்துவிட்டுச் சீட்டை என் கையில் கொடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இவரு என்ன சொல்றாரு?"

"பொறுத்திருக்கச் சொல்லுது, அத்தை."

"அதான் மனு குடுக்க வேணாம்னியா?"

பரீட்சை, லீவு என்று நான் சொன்னதெல்லாம் இருவருக்கும் நடுவில் கிடந்தது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் படுக்கப் போனார்.

திங்கட்கிழமை விடிகாலை முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். அந்தச் சீட்டு, மற்றச் சீட்டுகளோடு சேர்ந்து பீரோவுக்குள் கிடந்தது. வழியெல்லாம் அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வரிசையில் நின்று மனுவை நீட்டினோம். படித்த அலுவலர் நிமிர்ந்து, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை, முன்னாடியே கொடுத்திருந்தால் முன்னாடியே தூதரகத்துக்கு எழுதியிருக்கலாமே என்று கேட்டார். கேள்வி என்னைப் பார்த்துத்தான். இந்தத் தடவையாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"எனக்குத்தான் ஒடம்புக்கு முடியலைங்க" என்றார். "என்னைய விட்டுட்டு இந்தப் புள்ள எப்புடி வரும்?"