மொட்டுப் புழுவும் வேற்றுக்கிரக ஜந்துவும்

"தமிழ்லயே படிச்ச புள்ள, இங்கிலீஷ் இலக்கியத்துல போயி என்னத்தப் புரிஞ்சுக்கிறப் போகுது? பாதியில திரும்பி வந்துரும். காமர்ஸ்ல சேத்துவிடு" என்று என் தாய்மாமா அம்மாவிடம் சொன்னார்.

நான் பிளஸ் டூ முடித்திருந்த கோடை அது. எங்கள் வீட்டிலும் மாமா வீட்டிலும் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும். ஆனால் அடுத்து எங்கே சேர்ப்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த மாதிரிப் பேசுகிறவர் மாமா மட்டும்தான். அப்பா, "மச்சான் சொன்னாச் சரிதான்" என்று தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். மாமா வேண்டாம் என்றால் எனக்கு ஆங்கில இலக்கியம் கிடையாது.

மாமாவுக்குப் பயங்கரப் படங்கள் என்றால் உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திண்டுக்கல் பேகம்பூரில் ஏதோ கடையில் வாங்கிய டிவிடியோடு அத்தையையும் அழைத்துக்கொண்டு வந்தார். அட்டையில் பல்லும் கொடுக்குமாக ஒரு ஜந்து. எங்கள் வீட்டில் அப்போது பூக்கட்டும் நேரம். நிலக்கோட்டைப் பக்கத்து ஊர் எங்களுடையது. விடியலில் பறித்த மல்லிகை சந்தைக்குப் போய்விடும். ஒரு கூடையை மட்டும் அம்மா நிறுத்திவைத்து, மொட்டு விரிவதற்குள் சரமாகக் கட்டி உள்ளூர்க் கடைக்குக் கொடுப்பாள். அதற்குக் கை போதும், கண் வேண்டாம். அதனால் கண்ணுக்கு டிவி.

தூரத்துக் கிரகம் ஒன்றில் கண்ணாடிக் கூடாரம் போட்டுச் சிலர் செடி வளர்க்கிறார்கள். அங்கே ஏதோ புகுந்துவிடுகிறது. படம் தமிழில்தான் ஓடியது. இருட்டுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு போன தலைவர், ஜந்து பின்னால் நிற்பது தெரியாமல், "இன்னா மாமே, கரண்ட் பில்லு கட்டலியா?" என்றார். அத்தை சிரித்ததில் கட்டின சரம் அவிழ்ந்துபோனது. மாமாவுக்கு எரிச்சல்.

"பயப்பட வந்தா சிரிக்க வைக்கிறானுக."

"இதுல இங்கிலீஷும் இருக்கு மாமா. அட்டையில போட்டிருக்கு" என்றேன்.

"அப்ப மாத்து. நீதான் இங்கிலீஷ் படிக்கப் போறவளாச்சே. அவன் பேசப் பேச நீ சொல்லு. பாப்போம், எம்புட்டு வருதுன்னு."

ரிமோட்டை எடுத்தேன். ஆங்கிலத்தில் அதே படம் வேறு படமாக இருந்தது. தமிழில் வசனம் திணித்திருந்த இடத்தில் எல்லாம் மூச்சுச் சத்தம் மட்டும்தான். யாரும் ஜோக் அடிக்கவில்லை. நல்லவேளையாக, பயந்தவர்கள் நீளமாகப் பேசவும் இல்லை. "கதவத் தொறக்காதடாங்கிறான். அந்தம்மா, எனக்குப் பின்னால என்னமோ நிக்குதுங்குது" என்று நான் எங்கள் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு வந்தேன். அத்தை அம்மாவை ஒட்டி உட்கார்ந்தார். மாமா காலைக் கட்டிலுக்கு மேலே எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு டாக்டர் வந்தார். வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. எனக்கு ஒரு வரி பிடிபடவில்லை. எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"இது எனக்குப் புரியல மாமா."

மாமா அம்மாவைப் பார்த்து, "நான் சொன்னேன்ல?" என்றார்.

பின்னால் ஓட்டி, தமிழுக்கு மாற்றினேன். தமிழ் டாக்டர் கணீரென்று சொன்னார்: "இந்த ஒட்டுண்ணியின் இழைமங்கள் ஓம்புயிரியின் திசுக்களை ஊடுருவுகின்றன."

அம்மா நாரை இழுத்துக்கொண்டே கேட்டாள். "அண்ணே, ஒனக்கு வெளங்குச்சா?"

"இன்னொருக்காப் போடு" என்றார் மாமா.

போட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தமிழ்ல சொன்னாத்தான, வெளங்குறதுக்கு?" என்றார் அத்தை.

எனக்கு மட்டும் உயிரியல் பாடப் புத்தகம் ஞாபகம் வந்தது. ஒட்டுண்ணியும் ஓம்புயிரியும் அங்கே பார்த்தவைதான். மறுபடி ஆங்கிலம் வைத்தேன். இந்தத் தடவை டாக்டரின் சொற்கள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

"மொட்டுப் புழு மாமா. மொட்டுக்குள்ளயே உக்காந்து தின்னுட்டு, தொளை போட்டு அடுத்த மொட்டுக்குப் போகும்ல? அது மாதிரி இது ஆளுக்குள்ள இருந்து தின்னுக்கிட்டு இருக்கு. பாத்தா அவன் நல்லாத்தான் நடமாடுவான். அதத்தான் சொல்றாரு."

அம்மாவின் கை நின்றது. பூக்கட்டும்போது அது நின்று நான் பார்த்ததில்லை.

"அப்ப அந்தச் சமையக்காரன்தான். வந்ததுலருந்து அவன் உதடு ஊதாப் பாஞ்சு கெடக்கு. புழு விழுந்த மொட்டு அப்படித்தான ஆகும்?"

"அது மேக்கப்புத்தான்" என்றார் மாமா.

கொஞ்ச நேரத்தில் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டார். நெஞ்சுக்குள்ளிருந்து அது எட்டிப் பார்த்தது. மாமா துள்ளியதில் கட்டிலோரம் இருந்த கூடை கவிழ்ந்து, அறை முழுக்க மல்லிகை.

"பூவ மிதிச்சுப்புடாதீக. அது டிவிக்குள்ளதான் இருக்கு, வெளிய வராது" என்றார் அத்தை.

படம் முடிந்து, சிரித்துக்கொண்டே பூவைப் பொறுக்கிக் கட்டினோம். அந்த டாக்டர் பேசியதை மட்டும் மாமா என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"படிப்பு விசயத்த யோசிச்சுச் சொல்றேன்" என்றார் வாசலில்.

"நல்லா யோசிண்ணே. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். தானே கண்டுபிடித்ததைப் போன்ற குரலில், "இங்கிலீஷ்லயே சேத்துவிடு. புள்ள சமாளிச்சுக்கிரும்" என்றார். அம்மா, "சரிண்ணே" என்று தலையாட்டிவிட்டு டீ போட உள்ளே போனாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். அதற்கு முந்தின வியாழக்கிழமையே நானும் அம்மாவும் திண்டுக்கல் பஸ் ஏறிப் போய், கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்துவிட்டு வந்திருந்தோம்.