மழையில்தான் எடுப்பேன்

எங்கள் சந்தில் கல்யாணமா, பள்ளிக்கூட அட்டைக்கு முகமா, படம் எடுப்பவர் ஊக்கிங். எல்லோருக்கும் 'மாங்', அதாவது மாமா. வயது ஐம்பத்தெட்டு. மணப்பெண்ணையே "மூஞ்சியைத் தூக்கும்மா" என்று அதட்டுவார். இந்தோனேசியாவிலேயே மழைக்குப் பேர்போன ஊர் எங்கள் பொகோர்; இங்கே மழை விழாத கல்யாணம் ஏது? கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, குடையில்லாமல் நிற்பார். குடை பிடித்தால் கை ஆடுமாம்.

போன வருஷம் சந்துக்குச் சாக்கடை கட்டப் பணம் வந்தது. வேலைக்கு முன்னும் முடிந்தபின்னும் ஒரே இடத்தில் நின்று மாங் படம் எடுத்து வார்டு அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். முதல் படத்தைக் கொட்டும் மழையில் எடுக்கச் சொன்னதே காண்டிராக்டர் ருஸ்தாண்டிதான். என் வாசலில் முழங்கால் தண்ணீர். அதைப் பார்த்துத்தான் பணமே ஒதுக்கினார்கள்.

கட்டினான் பாருங்கள். சாக்கடையின் விளிம்பு சந்தின் தரையைவிட ஒரு சாண் உயரம். தண்ணீர் ஏறிக் குதிக்குமா? மழை வந்தால் பழையபடி என் வீட்டுக்குள்தான். நான் தோஃபு செய்து விற்பவன்; அதற்கு ஊறப்போட்ட சோயா முழுக்கச் சேறு. கடைசிப் படம் ஃபைலில் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பிறகு எவன் வருவான்?

"காலையில எடுத்துருங்க மாங். வெயில் பளிச்சுனு இருக்கும்" என்றான் ருஸ்தாண்டி.

"முதல் படம் மழையில. இதுவும் மழையிலதான்."

"ஒரே இடம்னுதான் சட்டம். ஒரே மழைன்னு இல்ல."

"அப்போ இது வெயில் ஓடுறதுக்குக் கட்டுன சாக்கடையா?"

மத்தியானம் வானம் பொத்துக்கொண்டது. மாங் போய் அதே இடத்தில் நின்றார். ருஸ்தாண்டி ஓடிவந்து லென்சுக்கு எதிரே குடையை விரித்தான்.

"மறைக்காதய்யா. சரி, நீயும் நில்லு. தண்ணி எம்புட்டுன்னு அளக்க ஆள் வேணும்ல?"

"விளையாடாதீங்க மாங், என் பொழப்பு..."

"இவன் சோயாவ நக்கிப் பாரு, அப்புறம் பொழப்பப் பேசு!" என்று என்னைக் காட்டினார்.

கிளிக்.

மறுநாள் அலுவலகத்தில் எழுத்தர் யாயா இரண்டு படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். "மாங், ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? இதுல குடைக்காரர் ஒருத்தர் அதிகம், அவ்வளவுதான்."

"அதத்தான் நானும் சொல்றேன்!"

அவள் கையெழுத்துப் போடவில்லை. ஃபைல் ருஸ்தாண்டியிடமே திரும்பியது.

திங்கட்கிழமை ருஸ்தாண்டியின் ஆட்கள் இரண்டு பேர் சம்மட்டியோடு வந்து விளிம்பை உடைக்க ஆரம்பித்தார்கள். நான் காப்பி கொண்டு போனேன். மாங்குக்கு அப்போதும் கோபம் ஆறவில்லை.

"தடவிக் குடுக்காதீங்கடா, உடைங்க! அடுத்த மழையிலயும் எடுப்பேன்."