பின்னலின் நுனி

பின்னி முடித்ததும் அன்ரி என் பின்னலின் நுனியைப் பிடித்து இரண்டு தரம் இழுப்பார். சும்மா தொட்டுப் பார்க்கிற இழுப்பு அல்ல. கழுத்து பின்னால் சாய்ந்து, மேல் தட்டில் அடுக்கியிருக்கும் தேங்காய்ப்பால் பேணிகள் கண்ணில் படுமளவுக்கு இழுப்பார். பிறகு தனக்குள் "ம்" என்பார். அதன் பிறகுதான் எனக்கு விடுதலை. நான் பிரெஞ்சில் திட்டுவேன். அவருக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. இன்றைக்கும் யாராவது என் தலையைத் தொட வந்தால் கழுத்து தானாகவே விறைத்துக்கொள்கிறது.

பாரிசின் லா சப்பலில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள் நான். கடைக்காரன் மகள் என்றால் இனிப்புப் போத்தலுக்குள் கைவிட்டுக்கொண்டே வளர்ந்திருப்பாள் என்று வகுப்புப் பிள்ளைகள் நினைத்தார்கள். அந்தச் சொகுசை நான் எங்கே கண்டேன்! கருவாட்டு மணத்தோடு வகுப்பில் போய் இருந்ததுதான் கண்ட மிச்சம். அப்பா கல்லாவை விட்டு அசையமாட்டார். அம்மா காலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கிவிட்டு, மத்தியானம் கடைக்கு வந்து கறிவேப்பிலையைக் கட்டுக் கட்டாகப் பிரிப்பார். என் தலையைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. அரிசி மூட்டையில் ஏறி இருந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் தட்டில் இருக்கும் போத்தல்கள் கிணுகிணுக்கும்.

போர் முடிந்த அடுத்த வருடம் வன்னியிலிருந்து வந்த அன்ரியை அப்பா வேலைக்கு வைத்துக்கொண்டார். எங்களுக்கு அவர் உறவில்லை. புறநகரான லா கூர்னெவில் வேறு சில பெண்களோடு ஓர் அறையில் இருந்தார். வந்த கிழமையே என்னைப் பிடித்து, "இதென்ன பிள்ளை, தலை பத்தைக்காடு மாதிரிக் கிடக்கு" என்று சொல்லி, விற்பனைக்கு மாட்டியிருந்த சீப்பு ஒன்றைக் கழற்றி எடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் பின்னல்தான். எனக்கு இடுப்புவரை பின்னிவிட்டவரின் சொந்த முடி தோளைக்கூடத் தொடவில்லை. கடைக்கு வருகிற பெண்களின் வாய் சும்மா இருக்குமா? பாரிசுக்கு வந்த உடனே ஸ்டைல் தொடங்கிவிட்டது என்றார்கள். அன்ரி தன்பாட்டுக்கு மிளகாய்த்தூளை நிறுத்துக் கொடுப்பார்.

கடையில் அவர் கைபடாத சாமான் ஒன்றே ஒன்றுதான். நடனம் பழகும் பிள்ளைகளுக்கென்று கல்லாவுக்குப் பக்கத்தில் சவரிமுடிகள் தொங்கும். யாராவது சவரி கேட்டால் உடனே என்னைக் கூப்பிடுவார். பொய்முடி என்று அருவருப்பாக்கும் என நினைத்துக்கொண்டேன். ஒன்பது வயதிலேயே கடையின் சவரிப் பகுதிக்கு அதிகாரி ஆகிவிட்ட பெருமை வேறு எனக்கு.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பள்ளியால் வந்து கடைக்குள் நுழைகிறேன், அப்பா இல்லை. ஒரு தாய் தன் மகளைக் கூட்டிவந்து, சவரியைக் கட்டிக் காட்டினால்தான் வாங்குவேன் என்று நிற்கிறார். வேறு வழியில்லாமல் அன்ரி கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்ததும் அந்தச் சின்னது விளையாட்டாகத் தலையை ஆட்டியது. சவரி கழன்று தரையில் விழுந்தது. அன்ரி குனியவில்லை. அதைப் பார்த்தபடியே நின்றார். நான் ஓடிப்போய் எடுத்துக் கட்டிவிட்டு, அவர்களை அனுப்பினேன். திரும்பிப் பார்த்தால் அன்ரியைக் காணவில்லை. பின்னறையில், மூட்டைகளுக்கு நடுவில் இருந்தார்.

அவருக்குப் பதினேழு வயது மகள் ஒருத்தி இருந்ததை அன்றுதான் அறிந்தேன். போரின் கடைசிக் காலத்தில் இயக்கத்தினர் அவளைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போய் முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். எப்படியோ தப்பித் தாயிடம் ஓடிவந்துவிட்டாள். சனம் எல்லாம் ராணுவத்தின் பக்கம் கடக்கத் தொடங்கியபோது, கட்டை முடியோடு வரும் பெண்பிள்ளைகளை இயக்கம் என்று தனியாக மறித்து வைக்கிறார்கள் என்று கதை வந்தது. அன்ரி தன் பின்னலை அடியோடு வெட்டி, கறுப்பு நூலால் மகளின் தலையில் கட்டினார். முடிச்சு இறுகி நிற்க அவள் தலையில் முடி போதவில்லை.

"சனநெரிசலிலை ஆரின்ரையோ கை பட்டுக் கழண்டு விழுந்திட்டுது. நான் குனிஞ்சு எடுத்தன். நிமிர்ந்து பாக்க அவளை மற்றப் பக்கம் கொண்டுபோயிட்டினம்." பிறகு சொன்னார்: "என்ரை முடிச்சுப் பிழைச்சுப் போச்சு, பிள்ளை."

சீப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அன்று எவ்வளவு இழுத்தாலும் நான் திட்டவில்லை.

மகளைப் பற்றி யார் யாரிடமோ கேட்டார், அப்பாவும் கேட்டுப் பார்த்தார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பெரியவளானதும் முடியை வெட்ட எனக்கு ஆசை வந்தது. அவரிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கித் தயங்கி நின்றேன். அவரே கண்டுபிடித்துவிட்டார். "வெட்டு பிள்ளை. இஞ்சை வெட்டினா ஒருத்தரும் உன்னை மறிக்க மாட்டினம்" என்றார்.

போன வருடம் திரான்சிப் பக்கம் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். அலங்காரம் செய்ய வந்த பெண் இடுப்புக்குக் கீழே தொங்கும் சவரியைப் பொருத்திப் பூச்சுற்றி முடித்திருந்தாள். அன்ரி எனக்குப் பின்னால் வந்து நின்று, நுனியைக் கையில் எடுத்தார். என் கழுத்து விறைத்தது. ஆனால் அவர் இழுக்கவில்லை.

"இழுங்கோ அன்ரி" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. கழண்டிடுமெண்டு பயமாக் கிடக்கு."

சவரியைக் கழற்றச் சொன்னேன். முகூர்த்தம் வரப்போகுது, உனக்கென்ன விசரா என்று அம்மா கத்தினார். கத்தட்டும் என்று இருந்தேன். கழற்றிய சவரி பூவோடு கதிரையில் கிடந்தது. அன்ரி சீப்பைக் கையில் எடுத்தார். என் சொந்த முடிக்கு ஒரு சாண் பின்னல்தான் வந்தது. கல்யாணப் படங்களைப் பார்க்கிறவர்கள் இன்னும் அதைத்தான் கேட்கிறார்கள்.

அன்ரி முடிச்சைப் போட்டார். நுனியைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தார். கையில் பழைய பலம் இல்லை. ஆனாலும் நொந்தது. எனக்கு அழுகை வந்தது.

"கழரேல்லை, என்ன?" என்று கேட்டார்.

"கழரேல்லை அன்ரி."